பத்தாவது ஆள்

பத்துப் பேரு சேந்தாத்தான் தடுப்பூசி பாட்டிலைத் திறப்பாவளாம். வாசல்ல ஆள் நிழல் தட்டுறப்பெல்லாம் இந்த சிஸ்டர் பிள்ளை ஜெபக்கனி எட்டிப் பாக்கா, பாத்துட்டு என் பக்கம் திரும்பி, இன்னும் ஆள் வரணும்மா, கொஞ்சம் பொறுத்துக்கோங்கங்கா. பொறுத்துக்கிட்டுத்தான இருக்கேன். காலையில இட்லிக் கடையெல்லாம் மூடாத நேரத்துல வந்து இந்த நாற்காலியில உக்காந்தது, இப்ப மதியச் சாப்பாட்டு வாசனை கேன்டீன்லேருந்து வருது. எனக்குப் புரியாம இல்ல. ஒரு பாட்டிலுக்குப் பத்து ஊசி, திறந்துட்டா சாயங்காலத்துக்குள்ள தீத்திரணும், மிஞ்சினா கொட்டணும், கொட்டினா அந்தப் பிள்ளை மேல இருக்கவங்களுக்குப் பதில் சொல்லணும். மிச்சத்துக்கும் நாங்களே காசு கட்டிருதோம்னு எங்க வீட்டுக்காரரு சுவத்தைப் பாத்துக்கிட்டே கேட்டும் பாத்தாரு. காசு இல்லய்யா பிரச்சினை, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு ஆளோட பேரு கம்ப்யூட்டர்ல ஏறணும், ஆளே இல்லாத ஊசிக்கு நான் யாரு பேரை ஏத்துவேன்னுட்டா. அதுவும் நியாயந்தான். எல்லாரு சொல்லுறதும் நியாயமாவே இருக்கு, அதுலதான் எனக்குக் கோட்டி பிடிக்குது. எவளாவது ஒருத்தி அநியாயமா ஒண்ணு சொன்னா நல்லா நாலு கேட்டு மனசை ஆத்திக்கிடலாம். கேக்கத்தான் வாய் வேணுமே. கன்னத்துக்கு உள்பக்கம், நாக்குக்கு அடியில, மேலண்ணம், எல்லாம் கொப்புளம், உடைஞ்சு உடைஞ்சு தோல் உரிஞ்சு கெடக்கு. பச்சைத்தண்ணி பட்டா மொளகாப்பொடி மாதிரி எரியுது. மெல்லவும் முடியல முழுங்கவும் முடியலன்னு ஊருல சும்மா பேச்சுக்குச் சொல்லுவாவ, எனக்கு அது நெசமாவே அப்படித்தான். ஒரு வார்த்தை பேசணும்னா, இது பேசியே தீரவேண்டிய வார்த்தைதானான்னு முதல்ல யோசிக்கணும். யாரு? இந்த ஆவுடையம்மா. துணியக் குடுத்த அன்னைக்கே ஜாக்கெட் வேணும்னு வந்து நிக்கிறவளுகள ஒத்தப் பேச்சுல வாசலைத் தாண்ட வச்ச ஆவுடையம்மா. வெளிய போகாத பேச்செல்லாம் இப்ப உள்ளயே கெடந்து சுத்துது, ராவும் பகலும் ஓயவே மாட்டேங்கு.

என்னையும் சேத்து ஆறு பேரு இருக்கோம். ஜன்னல் பக்கம் ஒரு தாயும் மகளும், மக வெளிநாட்டுல படிக்கப் போறாளாம், சர்டிபிகேட் வேணுமாம். எதிர்ல சவுதிக்குப் போக நிக்கிற பீர்முகம்மது. பேரு எனக்கு எப்படித் தெரியும்னா, போனை ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு ஏஜெண்டுகிட்ட கத்தின கத்துல அவன் பேரு, விசா, மாமனார் குணம் எல்லாம் இந்த ரூம்ல இருக்க எல்லாருக்கும் மனப்பாடம். சுவரோரம் ரெண்டு பெரியவங்க, அண்ணன் தம்பி மாதிரி ஒரே மூக்கு. அதுல மூத்தவரு இருமுதாரு. மாஸ்க்கைத் தாடையில போட்டுக்கிட்டு இருமுதாரு, இருமிட்டு மாஸ்க்கை மேல ஏத்துதாரு. எப்பா, இருமுறதுக்குத்தானய்யா அது. எனக்கு மனுசங்களைப் பாத்தா மொகத்துக்கு முந்தி கைதான் கண்ணுல படும், தொழில் அப்படி. அந்த ஜன்னல் பக்கத்தம்மா ஜாக்கெட்டுக் கையை எவளோ ஒரு கொலைகாரி தைச்சிருக்கா, ஊசி போட மேல ஏத்தணும்னா தையலைப் பிரிச்சாத்தான் உண்டு. நான் என் ஜாக்கெட்டுக் கையை நேத்தே பிரிச்சுத் தளத்தித் தைச்சு, போட்டுப் பாத்து, ஏத்திப் பாத்து வந்திருக்கேன். என் பக்கத்துல எல்லாம் ஆயத்தம். ஆள்தான் வரல. ஏசி வேற ஓடுது, ஜன்னலைத் திறக்க முடியாத மாதிரி கண்ணாடியை அடிச்சு வச்சிருக்காவ. அவரு இருமினது எங்க போகும்? இந்தா, இங்கதான் சுத்தும். அவரு விட்ட காத்து பீர்முகம்மதுகிட்ட, பீர்முகம்மது கத்தினது என்கிட்ட. நோய்க்குப் பயந்துதான் ஊசிக்கு வந்தேன், ஊசிக்காக நோய் இருக்க எடத்துலயே கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். எந்திரிச்சு வெளிய நிக்கலாம்னா, போன நேரத்துல ஆள் சேந்துட்டா? என்னைய விட்டுட்டு ஆரம்பிச்சுட்டா? உக்காந்தே இருக்கேன்.

எப்படி இதுல வந்து மாட்டினேன்னு யோசிச்சா தலை சுத்துது. போன வருசம் முதுகுல கொப்புளம் கெளம்பி, தோல் கழண்டு படுக்கை விரிப்புல ஒட்டிக்கிட்டு வந்துச்சு. தோல் டாக்டரம்மா பாத்துட்டு, உங்க ஒடம்பு உங்க தோலையே எதிரின்னு நெனச்சு அடிக்குதும்மான்னாவ. நல்லாருக்குல்லா, அதுக்கு வெளிய எதிரியே கெடைக்கலையாம். அந்த அடியை நிப்பாட்டணும்னா எதிர்ப்புச் சக்தியைப் பிடிச்சுக் கட்டிப்போடணும்னு டிரிப்ஸ்ல ஒரு மருந்து ஏத்தினாவ. தோல் ஆறிச்சு. ஆனா அந்த மருந்து ஏறினா ஆறு மாசத்துக்கு எந்தத் தடுப்பூசியும் ஒடம்புல பிடிக்காது, தண்ணியக் குத்தினதுக்குச் சமம்னாவ. சரியா அந்த ஆறு மாசத்துலதான் ஊருக்கெல்லாம் பூஸ்டரைச் சும்மா போட்டாவ. பள்ளிக்கூடத்துல பந்தலைப் போட்டு, ஆட்டோவுல மைக்கைக் கட்டி, வாங்க வாங்கன்னு கூப்பிட்டுப் போட்டாவ. எங்க தெருவே போச்சு. நான் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, ஏங்க, நீங்களாவது போட்டுட்டு வாங்கன்னு இவரை விரட்டிவிட்டேன். போயிட்டு வந்தாரு. ஆச்சான்னேன். ஆச்சுன்னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினா வாயிலேருந்து முத்து உதுந்துரும் அவருக்கு. என் ஆறு மாசம் முடிஞ்சு, இனிமே போட்டுக்கிடலாம்னு டாக்டரம்மா சொல்லும்போது பந்தலைப் பிரிச்சுக் கொண்டுபோயாச்சு. ஊரே போட்டப்ப எனக்குப் போடக்கூடாது, எனக்குப் போடலாம்னு வந்தப்ப ஊருல ஊசி இல்ல. ஒரு ஆஸ்பத்திரியில கேட்டா வேற கம்பெனி ஊசிதான் இருக்கு, முதல் ரெண்டும் எதைப் போட்டீகளோ அதையேதான் போடணும்னாவ. இன்னொண்ணுல ஸ்டாக் வந்தா போன் பண்ணுதோம்னாவ. போன் வந்துச்சு, கிரெடிட் கார்டு வேணுமான்னு எவளோ கேட்டா. அதுக்குள்ள கொப்புளம் திரும்பிட்டுது, இந்தத் தடவை வாய்க்குள்ள. மருந்தை உடனே ஏத்தணும். ஏத்துறதுக்கு முந்தி ஊசி போட்டு ரெண்டு வாரம் விடணும். ஊசி இல்ல, அதனால மருந்து இல்ல, மருந்து இல்லாததால கொப்புளம் தொண்டைக்கு இறங்குது. பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்னு சொன்ன கதைதான். இந்த வாரம் பாப்போம்மா, தொண்டை மூடிக்கிட்டா அப்புறம் ஊசிக்கெல்லாம் காத்திருக்க முடியாது, மருந்தை ஏத்திருவோம், ஏத்தின பிறகு உங்களுக்கு அந்த நோய் வராம இருக்கணும்னு கும்பிட்டுக்கோங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. டாக்டரே கும்பிடச் சொன்னா எப்படி இருக்கும்?

கும்பிட்டவதான் முப்புடாதியும். போன வருசம் மருந்து ஏத்தும்போது அடுத்த கட்டில்ல கெடந்த தென்காசிக்காரி, எனக்கிருந்த அதே நோய்தான். பகல் முழுக்க டிரிப்ஸ் சொட்டுறதைப் பாத்துக்கிட்டு ரெண்டு பேரும் ஊர்க்கதை பேசினோம். அக்கா, தோல் ஆறினதும் ஒனக்குத்தான் ஜாக்கெட் தைக்கத் தருவேன், முதுகை நல்லா எறக்கி வைக்கணும், வடு தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுதுன்னா. தோல் ஆறிச்சு. கொழுந்தன் மகன் காது குத்துக்குப் போயிருக்கா, அங்க எவனோ இருமியிருக்கான். மத்தவங்களுக்கெல்லாம் மூணு நாள் காய்ச்சல். இவளுக்கு அடிக்கிற ஆளையெல்லாம் மருந்து கட்டிப்போட்டுருக்கே, யாரு அடிப்பா? அம்மா போயிட்டாவன்னு அவ மக போன்ல அழுதது இன்னும் காதுல கேக்கு. அன்னையிலேருந்து எங்க வீட்டு வாசக்கதவு சாத்தினதுதான். தூத்துக்குடியிலேருந்து மக பேத்தியைத் தூக்கிட்டு வந்தா, கம்பிக்கு வெளிய நிறுத்தி வச்சுத்தான் பாத்தேன், பிள்ளை கையை உள்ள நீட்டுது, நான் பின்னால போறேன். என் கூடப்பிறந்தவ வீட்டுக் கல்யாணத்துக்குப் போகல, அவ இன்னும் பேசமாட்டா. பால்காரரு வாசல்ல வச்சுட்டு மணியடிச்சுட்டுப் போயிரணும். உள்ள வர்ற ஒரே ஆளு இவருதான், ஏன்னா இவருக்குத்தான் மூணு ஊசியும் ஆச்சே. ரேஷன் கடைக்கு இவரு, மருந்துக் கடைக்கு இவரு, கூட்டமா இருக்க பஸ்ஸுல டவுனுக்கு இவரு, வந்து கையைக் கழுவிட்டுத் தயிர்ச்சோத்தைக் கரைச்சு எனக்கு ஸ்பூன்ல ஊட்டுறதும் இவரு. கொஞ்சம் ஊதி ஊதித்தான் ஊட்டுவாரு. பெரியவரு திரும்பவும் இருமுதாரு. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன். எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? மூச்சை விட்டப்ப வாய்க்குள்ள எரிஞ்சுது.

இந்த மனுசன் எங்க போய்த் தொலைஞ்சாரு? இந்தா வந்துருதேன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனவரு போனவருதான். டீ குடிக்கப் போயிருப்பாரு. போகட்டும், அவரும் காலையிலேருந்து பச்சைத்தண்ணி குடிக்கல, ஆனா ஒரு டீக்கு இவ்வளவு நேரமா? தேயிலை பறிக்க மாஞ்சோலைக்கே போயிட்டாரா? பேப்பர் கெடச்சிருக்கும். பேப்பர் கெடச்சா இந்த மனுசன் பக்கத்துல இடி விழுந்தாலும் அடுத்த பக்கத்தைத்தான் திருப்புவாரு. பள்ளிக்கூடத்து லேப்புல குடுவையும் கண்ணாடிக் குழாயும் தொடைச்சே காலம் போச்சு, சத்தம் போட்டா ஒடைஞ்சிரும்னு பழகிப் பழகி மனுசங்ககிட்டயும் சத்தம் கெடையாது. கல்யாணப் பந்தியில எலையில சோறு மட்டும் கெடக்கும், சாம்பாரு கொண்டுவரச் சொல்லிக் கேக்க மாட்டாரு, வெறுஞ்சோத்தைத் தின்னுட்டு எந்திரிப்பாரு. நான்தான் ஏலே இங்க ஊத்துலேன்னு கூப்பிட்டு ஊத்தவைப்பேன். அதேபோல நான் எலையில உக்காராம இவரு தனியா உக்காந்ததும் கெடையாது. எனக்கு வாய்ப்புண்ணு வந்து உறைப்பை விட்டதுலேருந்து அவரும் விட்டுட்டாரு. நீங்க ஏன் பத்தியம் இருக்கீக, புளிக்கொழம்பு வச்சுக்கோங்கன்னு எழுதியே காட்டிட்டேன். கேட்டாத்தான. இவரு வாயும் என் வாயும் ஒண்ணாப் போச்சு. மகன் குத்தாலநாதன் அமெரிக்காவுல இருந்துக்கிட்டு, நேத்து வீடியோவுல வாரான், அம்மா, பழசைப் போடாதம்மா, இங்க மாறின கிருமிக்கு ஏத்த மாதிரி மாத்தின புது ஊசி வந்துட்டு, அதுக்கு வெயிட் பண்ணுங்கான். இங்க எப்பல வரும்னு அவங்கப்பா கேட்டதுக்கு, அது தெரியலப்பாங்கான். புதுப்படம் வந்த மாதிரி சொல்லுதான், இங்க பழைய படத்துக்கே டிக்கெட் இல்லாம வாசல்ல நிக்கேன். கிருமி மாறிக்கிட்டே இருக்கும், ஊசியும் மாறிக்கிட்டே இருக்கும், நான் மட்டும் எப்பவும் ஒண்ணு முந்தியோ ஒண்ணு பிந்தியோ நிப்பேன் போலிருக்கு. இந்த ஊருல மிஞ்சினது இந்த ஒரு பாட்டில்தான், அதுவும் இன்னையோட காலாவதி. நாளைக்கு இதை யாருக்கும் போடக்கூடாது, சாக்கடையிலதான் ஊத்தணும். பிரிட்ஜுக்குள்ள இருக்கு அது. கதவு கண்ணாடிக் கதவு. என் கண்ணுக்கு முன்னாடி, என் சுண்டுவிரல் ஒசரத்துக்கு, ஒக்காந்து என்னையே பாக்கு.

வாசல்ல ஆள் சத்தம். காக்கிச்சட்டை போட்ட மூணு பேரு செருப்பை வெளிய விட்டுட்டு உள்ள வாராவ. சிஸ்டர், இங்கதான பூஸ்டர் போடுதாவங்கான் முன்னால வந்தவன். ஜெபக்கனி முகம் அப்படியே மலந்துட்டு. நான் விரலை விட்டு எண்ணுதேன். ஆறும் மூணும் ஒம்பது. ஒம்பதா? ஆமா, ஒம்பது. உங்களை யாருண்ணே இங்க வரச் சொன்னான்னு ஜெபக்கனி கேக்கா. அவன் பேரு இசக்கிப்பாண்டியாம், பஸ் ஸ்டாப்புப் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டாம். அதை ஏன் கேக்கீக சிஸ்டர், ஒரு பெரியவரு எங்க ஸ்டாண்டுல வந்து நின்னாரு, சவாரியாய்யான்னு கேட்டா இல்லைன்னு தலையை ஆட்டுதாரு, அட்ரஸ் கேக்கணுமான்னா அதுக்கும் ஆட்டுதாரு, நிக்காரு, நிக்காரு, வெயில்ல அப்படியே நிக்காரு. கோட்டிக்காரரோன்னு நாங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருந்தோம். கடைசியில, தம்பி, நீங்கள்லாம் பூஸ்டர் போட்டாச்சான்னு கேட்டாரு. எதுக்குய்யான்னா, என் வீட்டுக்காரிக்கு ஒரு ஊசி வேணும், பத்துப் பேரு இருந்தாத்தான் போடுவாவளாம்னாரு. சொல்லிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு சிஸ்டர், எங்களுக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. சவாரி கெடக்கட்டும்னு வந்துட்டோம். இன்னும் ஒரு ஆளு கொறையுதுன்னு அவரு அப்படியே ரோட்டுல போயிட்டாருன்னான். எல்லாரும் என்னையப் பாக்காவ. எனக்கு எங்க பாக்கன்னு தெரியல. பேப்பரு படிக்காருன்னுல்லா இவ்வளவு நேரமும் கரிச்சுக்கொட்டினேன். சாம்பாரு கேக்காத மனுசன். பழக்கமில்லாத ஆளுக முன்னால போய் நின்னு, பேச்சு வராம நின்னு, கும்பிட்டுருக்காரு.  எனக்கு அழுகை வருது, அழுதா மூக்கு ஒழுகி வாய்க்குள்ள உப்புப் போகும், எரியும். அழவும் கணக்குப் பாக்கணும் எனக்கு.

ஒம்பது. பத்துக்கு ஒண்ணு கொறைச்சல். ஒண்ணுதான. அந்த ஒண்ணுதான் வர மாட்டேங்கு. ஜெபக்கனி கேன்டீன்காரருக்குப் போன் போட்டுப் பாத்தா, அவருக்கு ஆயிட்டாம். வாட்ச்மேனுக்கு ஆயிட்டாம். அவளுக்கு எப்பவோ ஆயிட்டாம். எல்லாருக்கும் ஆயிட்டு, ஊரே ஆகிட்டு உக்காந்திருக்கு. டூட்டி டாக்டர் கெளம்பிட்டாருன்னா இனி போட முடியாதும்மா, ரியாக்சன் வந்தா பாக்க டாக்டர் இருக்கணும்லாங்கா. பீர்முகம்மது போன் அடிக்கு. எடுத்துப் பேசிட்டு எந்திரிச்சுட்டான். நான் கெளம்புதேன் சிஸ்டர், ஏஜெண்ட் வேற ஊருல ஏற்பாடு பண்ணித் தாரேங்கான். உக்காருங்கண்ணே, இன்னும் ஒரே ஒரு ஆளுதாங்கா இவ. காலையிலேருந்து இதைத்தானம்மா சொல்லுதீகங்கான் அவன். அதுவும் நியாயந்தான். அவன் போனா எட்டு. எட்டானா இந்த ஆட்டோக்காரங்களும் போயிருவாவ. ஏ தம்பி, போகாதய்யா, உக்காருய்யான்னு கத்தணும்போல இருக்கு, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்கு, பிச்சு எடுத்தா ரத்தம் வரும். கையை மட்டும் நீட்டினேன். அவன் என் கையைப் பாத்தான், மூஞ்சியைப் பாத்தான், பை வாரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். அப்பத்தான் இவரு உள்ள வந்தாரு. தனியா வந்தாரு. சட்டை முதுகோட ஒட்டிக் கெடக்கு, நெத்தியில வேர்வை வடியுது. என்னையப் பாத்தாரு, உடனே பார்வையைத் தரையில போட்டுட்டாரு. ஆள் கெடைக்கலன்னு எனக்குப் புரிஞ்சுட்டு. நேரா மேசைகிட்ட போயி, சிஸ்டர், என் பேரைப் போட்டுக்கிடுங்கன்னாரு. அடப்பாவி மனுசா, வெயில்ல மூளை கலங்கிட்டா? உங்களுக்குத்தான் மூணும் ஆயிட்டுன்னு காலையிலேயே அம்மா சைகையில சொன்னாவளே அய்யா, கம்ப்யூட்டர் எடுக்காதேங்கா ஜெபக்கனி. நம்பரைப் போட்டுப் பாருங்கன்னாரு இவரு. அவ தட்டினா. இவரு போனுல டிங்குன்னு சத்தம், வந்த நம்பரை வாசிச்சாரு. ஜெபக்கனி திரையைப் பாத்தா, இவரைப் பாத்தா. அய்யா, உங்களுக்கு ரெண்டுதான் காட்டுது, மூணாவது போடவே இல்லையே, நாள் தாண்டி மாசக்கணக்காச்சேன்னா.

 மனசுக்குள்ள எல்லாம் சேந்து ஓடுது. ஆச்சுன்னாரே. பந்தல்லேருந்து வந்து செருப்பைக் கழட்டிக்கிட்டே ஆச்சுன்னாரே. அப்ப ரேஷன் கடைக்கு, பஸ்ஸுக்கு, மார்க்கெட்டுக்கு, இருமுறவன் தும்முறவன் நடுவுல எல்லாம் வெறும் ஆளாவா போயிட்டு வந்தாரு? வந்து என் பக்கத்துல உக்காந்து ஊதி ஊதி ஊட்டினாரே. பேத்தி கையைத் தொடாம பின்னால போனேனே. கூடப்பிறந்தவ மூஞ்சியில கதவைச் சாத்தினேனே. எல்லாக் கதவையும் சாத்திக்கிட்டு, திறந்து கெடந்த ஒத்தக் கதவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா படுத்திருந்தேன்? முப்புடாதிக்கு ஆன மாதிரி ஆகியிருந்தா? ஆகலங்கிறது வேற, ஆகியிருந்தா? காலையிலேருந்து இவருக்குத் தெரியும், தான் போடலன்னு தெரியும். இங்கயே சொல்லியிருந்தா காலையிலேயே ஒரு பேரு கூடியிருக்கும். சொன்னா என்கிட்ட மாட்டிக்கிடுவாருல்லா. அதுக்குப் பயந்துக்கிட்டு ஊரு பேரு தெரியாதவங்களைக் கும்பிட ரோட்டுக்குப் போயிருக்காரு. கடைசி ஒரு ஆளும் கெடைக்கலைன்ன பிறகுதான் தன்னையே கூட்டிட்டு வந்திருக்காரு.  இன்னொரு பக்கம், அன்னைக்கு இவரு ஒழுங்கா அந்த ஊசியைப் போட்டிருந்தா இன்னைக்கு நாங்க ஒம்பது பேருதான், பாட்டில் சாக்கடைக்குத்தான். இவரு செஞ்ச தப்புலதான் எனக்கு ஊசி. முழுசாக் கோவப்படக்கூட விடாத எடத்துல கொண்டுவந்து நிறுத்திட்டாரே பாவி. ஏன், அப்படின்னேன். வாயைத் திறந்து சொன்னேன், ஒரு வார்த்தை. உதட்டு ஓரம் பிச்சுக்கிட்டு ரத்தம் கசியுது. அவரு தரையைப் பாத்துக்கிட்டே, போனேன் ஆவுடை, வரிசையில நின்னேன். நீ போடக்கூடாதுன்னு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுல நிக்கே, நான் மட்டும் கையை நீட்டணுமான்னு இருந்துச்சு. என் முறை வாரதுக்கு முந்தி வந்துட்டேன். நீ போடும்போது சேந்து போட்டுக்கிடலாம்னு நெனச்சேன்னாரு. எலையில உக்காராத அதே புத்தி. இது பந்தியாய்யா? நீ தின்னா நான் திம்பேன்னு இருக்கதுக்கு இது சோறா? நீங்க போட்டாத்தான நான் பொழைப்பேன், ஆளை லேப்புல வச்சுருந்தாவளே, இது தெரியாதா? இவ்வளவும் சொல்ல எனக்கு வாய் இல்ல. கூறுகெட்ட மனுசான்னு மட்டும் சொன்னேன். ரெண்டு வார்த்தைக்கு வாய் முழுக்க ரத்த ருசி. பீர்முகம்மது பையைக் கீழ வச்சுட்டு உக்காந்துட்டான். மூத்த பெரியவரு மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்திக்கிட்டாரு.

பாட்டிலை ஜெபக்கனி வெளிய எடுத்தா. மூடியைத் தொடைச்சா. அம்மா, நீங்கதான் முதல் ஆளு, வாங்கன்னா. ஜாக்கெட்டுக் கை லேசா ஏறிச்சு. குத்தினது தெரியவே இல்ல, எறும்பு கடிச்ச அளவுகூட இல்ல, இதுக்கா இத்தனை மாசம்னு வெறுமையா இருந்துச்சு. இனி ரெண்டு வாரம். அதுக்குள்ள தொண்டை மூடாம இருக்கணும், இந்த ரூம்ல இருமினது எதுவும் என்மேல ஏறாம இருந்திருக்கணும், அப்புறம் மருந்து, அப்புறம் ஆறு மாசம் கதவு சாத்தல். சந்தோசப்படணும்னு தெரியுது, வர மாட்டேங்கு. தாய்க்கும் மகளுக்கும் போட்டாச்சு, நான் நெனச்ச மாதிரியே அந்தம்மா ஜாக்கெட்டுத் தையலைப் பிரிச்சாவ. பெரியவங்க ரெண்டு பேரும் போட்டுக்கிட்டாவ. பீர்முகம்மது ஊசியைப் பாக்காம கண்ணை மூடிக்கிட்டான். ஆட்டோக்காரங்க மூணு பேரும் ஒருத்தனை ஒருத்தன் கேலி பேசிக்கிட்டே போட்டுக்கிட்டாவ, வாரோம்க்கா, ஒடம்பைப் பாத்துக்கோங்கன்னு இசக்கிப்பாண்டி சொல்லிட்டுப் போனான், கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்கண்ணேன்னு ஜெபக்கனி கத்தினது அவன் காதுல விழல. கடைசியில இவரு. என் பக்கத்து நாற்காலியில வச்சுத்தான் போட்டா. சட்டைக் கையை மடிச்சுவிட்டாரு, மெலிஞ்சு போச்சு கை, உறைப்பில்லாத சோத்தைத் தின்னு தின்னு எனக்கு முன்னால இவரு கரைஞ்சிருக்காரு, நான் கவனிக்கவே இல்ல. ஊசியை எடுத்துட்டுப் பஞ்சை வச்சு, அமுக்கிப் பிடிச்சுக்கோங்கய்யான்னு சொல்லிட்டு ஜெபக்கனி போனா. இவரு பிடிச்ச பிடியில பஞ்சு நழுவுது. நான் அந்த விரலைத் தள்ளிவிட்டுட்டு நானே பிடிச்சேன். நகம் பதியற மாதிரி அமுக்கிப் பிடிச்சேன். ஆவுடை, வலிக்கு அப்படின்னாரு. வலிக்கட்டும். மாசக்கணக்கா எனக்குத் தெரியாம என்னைய எந்த விளிம்புல நிறுத்தி வச்சிருந்தாருன்னு அவருக்கும் கொஞ்சம் தெரியட்டும். ரத்தம் நின்னுருக்கும், இனி எடுத்துரலாம்மான்னு ஜெபக்கனி அங்கேருந்தே சொல்லுதா. நான் கையை எடுக்கல.